நாளைக்கம்மா

அந்த வார்டில் போய் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "நாளைக்கம்மா எங்கே?" என்று கேளுங்கள், இரண்டு காலும் கட்டுப்போட்டுக் கிடப்பவன்கூடக் கையை நீட்டி வழி காட்டுவான். டாக்டருக்குப் படித்து முடித்து, அது போதாதென்று எலும்பு ஆபரேஷனுக்கு மேல்படிப்பு படிக்க வந்து, இரண்டாம் வருஷத்தில் ஒரு பெண் சம்பாதித்த பட்டம் இது. கேட்டால் சிரிப்பு வரும். சிரியுங்கள், அவளும் முதலில் சிரித்தவள்தான்.

பட்டம் வந்த கதையைச் சொல்கிறேன். அது அரசாங்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி. பெரிது என்றால் கூட்டத்தில் பெரிது. எலும்புக்காரர்களுக்கு ஒரே தியேட்டர், அதில் ஒரே மேசை. வார்டில் கட்டிலுக்கு மேலே ஓர் ஆள், கட்டிலுக்குக் கீழே விரிப்பில் ஓர் ஆள். ஆபரேஷன் என்றால் முந்தின ராத்திரியிலிருந்து நோயாளி வாயில் எதுவும் படக் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்து நெஞ்சுக்குள் இறங்கினால் ஆள் போய்விடுவான், விளையாட்டில்லை. ஆகவே மறுநாளுக்கு ஆறு பேரை எழுதினால் ஆறு பேரும் பட்டினி. ஆறில் மூன்று முடிந்தால் அன்றைக்கு நல்ல நாள். ரோட்டில் அடிபட்டு ரத்தம் ஒழுக வருகிறவன் எல்லாரையும் தாண்டி முன்னால் போய்விடுவான். மிச்சப் பேர் மதியம் தாண்டும்வரை காய்ந்த நாக்கோடு வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

அவர்களிடம் போய், "இன்னைக்கு இல்லைங்க, சாப்பிட்டுடுங்க, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே! சீஃப் வந்து சொல்லுவாரா? சீனியர்கள் அந்த நேரம் பார்த்து ஓடி ஒளிந்துகொள்வார்கள். முதல் வருஷத்துப் பையன்கள் சொன்னால் சொந்தக்காரர்கள் அடிக்க வருவார்கள். "நீ போம்மா, பொம்பளைப் பிள்ளைன்னா கொஞ்சம் பொறுத்துப் போவாங்க" என்று அவளைத் தள்ளிவிட்டார்கள். தினம் ஒரே வசனம். கேட்டுக் கேட்டுச் சலித்த வார்டு, பட்டம் கட்டிவிட்டது.

எலும்புப் பக்கம் பெண்கள் வருவது அபூர்வம். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தச்சு வேலை?" என்று சேர்ந்த அன்றைக்கே சீஃப் கேட்டார். சுத்தியல், ரம்பம், துளைபோடும் மிஷின், திருகாணி என்று பார்த்தால் தச்சுப்பட்டறைக்கும் அந்தத் தியேட்டருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, அது உண்மைதான். பெண் டாக்டர் உடை மாற்ற அங்கே அறையில்லை. அழுக்குத்துணி மூட்டை கட்டிவைக்கும் அறையில், கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றபடி மாற்றிக்கொள்வாள். எக்ஸ்ரே படாமலிருக்கப் போடும் ஈய அங்கி ஆறடி ஆம்பிளைக்குத் தைத்தது, அவளுக்கு அது கணுக்காலை இடிக்கும். சரி, கத்தியாவது பிடித்தாளா என்றால் அதுவும் இல்லை. முதல் வருஷம் முழுக்க அடுத்தவர் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வருஷம் மாவுக்கட்டு போட்டாள், காய்ந்த மாவு தலைமுடியில் ஒட்டிக்கொண்டு முப்பது வயசுக்குள் நரைத்தவள் மாதிரி திரிந்தாள்.

அவள் அம்மா தூரத்து ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல்காரி. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் வடித்துக் கொட்டுகிற கை. போனை எடுத்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"சாப்பிட்டியா?"

"இல்லம்மா. பேஷண்டுங்க எல்லாம் பட்டினியா கிடக்கும்போது எப்படிம்மா இறங்கும்?"

"நல்லாருக்கே! எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை என்னத்துக்குடி காயுது? போய் ரெண்டு வாய் தின்னு."

அம்மாவுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று. பசி என்று ஒருத்தர் சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது, முதலில் போட வேண்டும். அப்பா செத்த வீட்டில் அந்த ஒரு சட்டத்தை வைத்துத்தான் மகளை வளர்த்தாள். அந்த மகளைக் கொண்டுபோய்ப் பட்டினி போடுகிற வேலையில் விட்டது விதி என்று சொல்வதா, வேறென்ன சொல்வது?

இந்த நிலைமையில்தான் பதினாலாம் கட்டிலுக்குக் கண்டக்டர் வந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் படிக்கட்டில் ஒற்றைக்காலில் தொங்கிவிட்டு ஓய்வுபெற்ற மனுஷன், சொந்த வீட்டு மாடிப்படியின் கடைசிப் படியில் வழுக்கி விழுந்திருந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்திருந்தது.

"ஓடுற வண்டியில ஒரு நாள் விழுந்ததில்ல டாக்டரம்மா. ஓடாத வீட்டுல விழுந்துட்டேன் பாருங்க. எவன்கிட்டயாவது சொன்னா வெளங்குமா?" என்றார்.

ஆபரேஷன் வரைக்கும் எலும்பு நகராமலிருக்க, காலில் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டில் இரண்டு செங்கல்லைத் தொங்கவிட்டார்கள். எடைக்கல் வாங்கித் தரும்படி எழுதிப்போட்டு எத்தனையோ காலமாகிறது, செங்கல்தான் கதி. கண்டக்டர் அதை எட்டிப் பார்த்தார்.

"வீடு கட்டி முடிச்சுட்டீங்களா, மிச்சக் கல்லா இது?"

வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அவருக்கு மனைவி இல்லை. ஒரே மகள், ஜெராக்ஸ் கடையில் வேலை. காலையில் வந்து அப்பாவைத் துடைத்துவிட்டுக் கடைக்கு ஓடுவாள், மதியம் அடுக்குப் பாத்திரத்தில் சோறு கட்டிக்கொண்டு திரும்ப ஓடிவருவாள். படுத்த படுக்கையில் மலம் கழிக்க வேண்டியிருந்தது அவருக்கு. மகள்தான் தட்டை வைத்து, எடுத்து, கழுவினாள். அந்த நேரத்தில் மட்டும் அவர் வாய் அடைத்துவிடும். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஒரு நாள் மகள் தட்டோடு அந்தப் பக்கம் போனதும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஓட வேணாம், ஆட வேணாம். என் கால்ல நானே நடந்து கக்கூசுக்குப் போகணும். பெத்த பொண்ணு கையில இதைக் குடுக்குறது சாவை விடக் கேவலம்மா. அதுக்கு மட்டும் வழி பண்ணி விட்டுடுங்க."

"கண்டிப்பாய்யா. ஒரு கம்பி, நாலு திருகாணி. மறுநாளே எழுந்து நிக்க வெச்சுடுவோம்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. வயசானவர்களுக்கு இடுப்பு முறிந்தால் சீக்கிரம் நிற்க வைக்க வேண்டும். படுக்கையிலேயே விட்டுவைத்தால் முதுகு புண்ணாகும், நெஞ்சில் சளி கட்டும். புகைபிடித்த நெஞ்சு என்றால் சொல்லவே வேண்டாம், எமன் அப்படியே தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொள்வான். இது வார்டு கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். கண்டக்டர் நாற்பது வருஷம் புகைபிடித்தவர்.

முதல் தடவை அவர் பெயரை எழுதினார்கள். அன்றைக்கு லாரிக்கு அடியில் போன ஒருவன் வந்தான், அவன் காலைக் காப்பாற்றுவதிலேயே பொழுது போயிற்று. அவள் தன் வசனத்தோடு வந்து நின்றாள்.

"வண்டி ஃபுல்லா?" என்றார் அவர். "பரவால்ல, பின்னாடி காலி வண்டி வருதுன்னு எத்தனை பேரை நானே ஏமாத்தியிருக்கேன்! அந்தப் பாவம் சும்மா விடுமா?"

இரண்டாம் தடவை எக்ஸ்ரே மிஷின் படுத்துக்கொண்டது. அதற்கும் ஏதோ சொல்லிச் சிரித்தார். மூன்றாம் தடவை ஒரே நாளில் இரண்டு பைக் விபத்து. அவள் வந்து நின்றபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் கொண்டுவந்த சோறு ஆறிப்போயிருந்தது, நாலு வாய்க்கு மேல் உள்ளே போகவில்லை. இப்படி ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்டால் இரும்பே துருப்பிடிக்கும், வயசான உடம்பு என்ன செய்யும்? கன்னம் ஒட்டிவிட்டது. இருமல் ஆரம்பித்திருந்தது.

அவள் சீஃபிடம் போய் நின்றாள். "சார், பதினாலாம் கட்டில் தாத்தாவை இந்தத் தடவையாவது முதல்ல எடுத்துடலாம் சார். நெஞ்சு கெட்டுக்கிட்டே வருது."

சீஃப் கெட்டவர் இல்லை. ஊரிலுள்ள உடைந்த எலும்பையெல்லாம் ஒற்றை மேசையில் வைத்து ஒட்டி ஒட்டி முதுகு வளைந்தவர்.

"எனக்குத் தெரியாதாம்மா? ரத்தம் வர்றவனை வெளியில நிறுத்திட்டு அவரை எடுக்கச் சொல்றியா? இல்ல, மேசையை ரம்பத்தால அறுத்து ரெண்டாக்கட்டுமா, சொல்லு!"

 அவள் வார்டுக்குத் திரும்பி வந்தாள்.

அடுத்த தடவை அவர் பெயரைக் கடைசியாக எழுதியிருந்தார்கள். விடிவதற்குள் ஒரு வேன் கவிழ்ந்து நாலைந்து பேரைக் கொண்டுவந்து போட்டார்கள். நடைபாதையெல்லாம் ரத்தக் கால்தடம். காலையில் அவள் வார்டுக்குள் நுழையும்போதே கணக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்குக் கடைசிப் பெயர் என்ன, முதல் பெயருக்கே வழியில்லை. கண்டக்டர் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டிருந்தார், நனைக்க அந்த நாக்கிலும் ஈரமில்லை. பக்கத்தில் மகள் ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு கொடுக்கவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் நின்றாள்.

"டாக்டரம்மா," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இன்னைக்கும் வண்டி இல்லைன்னு உங்களுக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஒரு டீ குடிச்சா என்ன? தலை கிர்ருங்குது."

அவள் அந்தத் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தாள். தினமும் எவ்வளவு பேருக்கு இந்த வாய் "கூடாது" என்று சொல்லியிருக்கிறது! மதியம் வந்து "சாப்பிடுங்க" என்று சொல்லப்போகிறவள் அதைக் காலையிலேயே சொன்னால் என்ன குடிமுழுகிவிடும்? அம்மாவின் சட்டம் மண்டைக்குள் மணியடித்தது. அக்கம்பக்கம் பார்த்தாள். நர்ஸ் அந்தக் கோடியில் இருந்தாள்.

"குடுங்க," என்றாள் மகளிடம் மெதுவாக. "பால் டீயே வாங்கிட்டு வாங்க. ரெண்டு பிஸ்கட்டும் குடுங்க. நான் சொன்னேன்னு வெச்சுக்குங்க."

மகள் ஓடினாள். கண்டக்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்து நனைத்துச் சப்பினார். கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தார். முகத்தில் உயிர் வந்தது. "நாளைக்கம்மா இன்னைக்கு இன்னைக்கம்மா ஆயிட்டாங்க!" என்றார் பக்கத்துக் கட்டிலிடம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் மனசு குளிர்ந்தது. ஒருத்தருக்காவது ஒரு நல்லது செய்தோம் என்று தியேட்டருக்குப் போனாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வேனில் வந்தவர்களில் ஒருவனை அவன் வீட்டார் கையெழுத்துப் போட்டு வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். இன்னொருவன் ரத்த அழுத்தம் விழுந்து தீவிர சிகிச்சைக்குப் போனான். மிச்சப் பேருக்குத் தையலும் மாவுக்கட்டுமே போதும் என்றாகிவிட்டது. பட்டியலில் முன்னாலிருந்த இருவரில் ஒருத்திக்குக் காலையிலிருந்து காய்ச்சல், மற்றவனுக்கு வாங்கிவைத்த ரத்தம் சேரவில்லை. இப்படி நடக்கவே நடக்காது, அன்றைக்கென்று நடந்தது. காலை ரவுண்ட்ஸ் முடிந்து கொஞ்ச நேரத்திலேயே மேசை காலி. சீஃப் கையைத் துடைத்துக்கொண்டே இவளைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

"உன் கண்டக்டருக்கு அடிச்சுதும்மா யோகம். பதினாலைக் கொண்டு வா. இன்னைக்கு நீதான் கம்பி வைக்கிறே, நான் பக்கத்துல நிக்கிறேன்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கு எட்டியதால் கைக்கு எட்டாமல் போயிற்று.  "சார்..." என்று ஆரம்பித்தாள். சீஃப் அதற்குள் அடுத்த அறைக்குள் போய்விட்டார். ஆள் போய், தள்ளுவண்டியும் வந்துவிட்டது. அதில் கண்டக்டர், பச்சைத் துணி போர்த்தி, முகமெல்லாம் பல்.

"ரைட், ரைட்! போலாம் ரைட்!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

மயக்க மருந்து டாக்டர் ஒரு வயசான அம்மா. யாராக இருந்தாலும் அதே கேள்விகளை அதே குரலில் கேட்பவர். பல் ஆடுதா? சர்க்கரை உண்டா? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?

கண்டக்டருக்குப் பொறி தட்டிவிட்டது. கண்ணை ஒருகணம் இவள் பக்கம் திருப்பினார். பிறகு நேராக அந்த அம்மாவைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரிம்மா. அதுக்கப்புறம் பச்சைத் தண்ணி பல்லுல படல."

சொல்லிவிட்டு மறுபடியும் இவளைப் பார்த்தார். கண்ணாலேயே கும்பிட்டார். சும்மா இரு தாயே, சும்மா இரு. டிக்கெட் இல்லாமல் ஏறியவன் செக்கிங் வரும்போது கண்டக்டரைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்தே முடித்துவிடலாம், ஒன்றும் ஆகாமலே போகலாம். ஊசி பிடிக்காமல் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், ஏற்கெனவே கெட்டிருக்கும் அந்த நெஞ்சுக்குள் பாலும் பிஸ்கட்டும் இறங்கினால், மேசையிலேயே முடிந்துவிடும். பத்தில் ஒன்பது தடவை பிழைப்பார். அந்த ஒன்றை யார் தலையில் வைப்பது? மயக்க மருந்து டாக்டர் ஊசியை எடுத்துவிட்டார்.

"மேடம், காலையில பால் டீ குடிச்சார். பிஸ்கட்டும். நான்தான் குடுக்கச் சொன்னேன்" என்றாள்.

 மயக்க மருந்து டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றினார். சீஃப் வந்து, விஷயம் தெரிந்து, அவள் முகத்துக்கு நேராக நின்று கத்தினார்.

"நீ டாக்டரா, டீக்கடையா? கிடைக்காத மேசை கிடைச்சுது, அதையும் ஒரு டீக்கு வித்துட்டியே! பரிதாபம் பார்க்கிறதுன்னா வீட்டுல இருந்து பார்க்கணும்மா!"

மதியத்துக்குமேல் வைக்கலாம் என்றால், மயக்க மருந்து டாக்டர் பிரசவத் தியேட்டருக்குப் போக வேண்டும். மறுநாளிலிருந்து எலும்புத் தியேட்டரைப் பூட்டி, மருந்துப் புகை போட்டுச் சுத்தம் செய்கிற வாரம். கண்டக்டரை வந்த வழியே தள்ளிக்கொண்டு போனார்கள். இவள் வண்டியோடு கூடவே நடந்தாள். லிஃப்டுக்குள் அவர் வாய் திறந்தார். 

"நான்தான் சொன்னேனே, சாப்பிடலைன்னு. செத்தா நான்தானே சாவேன்? உனக்கென்ன போச்சு? 'நாளைக்கு, நாளைக்கு'ன்னுட்டு இருந்தே. இன்னைக்குன்னு ஒண்ணு வந்துச்சு. அதையும் பிடுங்கிக்கிட்டியே."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.  என்ன சமாதானம் சொன்னாலும் அது அவளுக்கான சமாதானமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் அவள் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகுதான் நடந்தது. தியேட்டர் பூட்டிக் கிடந்த அந்த வாரத்தில் கண்டக்டர் காலையில் எதையும் வாயில் வைக்க மறுத்துவிட்டார். யாரும் பட்டினி போடச் சொல்லவில்லை, பெயர் எழுதவும் இல்லை. மகள் டீயை நீட்டினால் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"வேணாம். அன்னைக்கு மாதிரி திடீர்னு கூப்பிட்டா? வெறும் வயித்தோட இருக்கணும். நான் இருக்கேன்."

"அப்பா, தியேட்டரே பூட்டியிருக்குப்பா. நான் என் கண்ணால பார்த்தேன்ப்பா."

"பூட்டினா திறக்க மாட்டாங்களா? நீ சும்மா இரு."

மதியம் வரை அப்படியே கிடப்பார். பிறகு சாப்பிட வைத்தாலும் இறங்காது, இருமலில் பாதி வெளியே வந்துவிடும். காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கொரகொரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. மருந்தை ஏற்றினார்கள், முதுகில் தட்டினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சு டாக்டர் வந்து பார்த்தார். சீஃபைத் தனியே கூப்பிட்டு, "இந்த நெஞ்சுக்கு ஆபரேஷன் தாங்காது, மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சீஃப் செங்கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"சாப்பாடு கொடுங்க. அவருக்குப் பிடிச்சது எதுன்னாலும் கொடுங்க" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இதைச் சொல்லவும் அவள்தானே வேண்டும்? அந்த வார்டில் சாப்பிடச் சொல்கிற வேலை அவளுடையது. இத்தனை நாளும் "சாப்பிடுங்க" என்றால் "இன்றைக்கு இல்லை" என்று அர்த்தம். இப்போது "இனிமேல் இல்லை" என்று அர்த்தம். அவர் காதில் அது எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் மகள் அடுக்குப் பாத்திரத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். நல்ல சோறு, மணம் வந்தது.

"நீங்க சொல்லுங்க டாக்டர்," என்றாள் மகள், அழுகையை அடக்கிக்கொண்டு. "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறார். உங்க மேல கோபம்னாலும் நீங்க சொன்னாத்தான் நம்புவார். ரெண்டு நாளா ஒண்ணுமே இறங்கலை." பாத்திரத்தைப் பார்த்தபடி, "அந்த டீயை நான் குடுக்காம இருந்திருக்கலாம்" என்றாள்.

"நான் சொல்லித்தானே குடுத்தீங்க."

"நீங்க சொன்னீங்க. குடுத்த கை என் கைதானே."

அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கண்டக்டர் பக்கம் குனிந்தாள். ஆக்சிஜன் மூடிக்கு மேலே அவர் கண் மட்டும் விழித்திருந்தது. பதினைந்து இருபது நாளில் பாதி ஆளாகியிருந்தார்.

"ஐயா, சாப்பிடுங்கய்யா."

"வண்டி... இல்லையா?" மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார். "இனிமே... இல்லைன்னு சொல்ல வந்தியா?"

தியேட்டரில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லி அவர் ஆபரேஷனைக் கெடுத்தவள் அவள். அந்த உண்மையால் அவருக்கு வந்ததென்ன? இந்தக் கட்டில்தான். அவள் எந்த வார்த்தைக்காகக் கூசிக் கூசி நின்றாளோ, எந்த வார்த்தையை வைத்து வார்டு அவளைக் கேலி செய்ததோ, அது தானாக வாயில் வந்தது.

"யார் சொன்னா இல்லைன்னு? நாளைக்கு. தியேட்டர் திறந்தாச்சு. நாளைக்கு முதல் ஆள் நீங்கதான். தெம்பு வேணும்ல, இன்னைக்கு நல்லா சாப்பிடுங்க."

அவர் அவளையே பார்த்தார். அவள் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். சாகப்போகிறவனிடம் பொய் சொல்ல அவளுக்கு எங்கே அந்தத் தைரியம் வந்ததோ! அவர் கண்ணில் பழைய கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"முதல் ஆளா? சத்தியமா?"

"சத்தியமா."

வாயைத் திறந்தார். மகள் பிசைந்து பிசைந்து ஊட்டினாள். மெதுவாக, இருமி இருமி, அரைத்தட்டுச் சோறு சாப்பிட்டார். வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு சாப்பிட்டதில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவளைப் பார்த்து நன்றியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் இவள் மாவுக்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போன் அடித்தது. அம்மா. "சாப்பிட்டியா?" என்றதும் இவள் ஓவென்று அழுதுவிட்டாள். எதற்கென்று அம்மாவுக்குப் புரியவில்லை, கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு அவளும் சேர்ந்து அழுதாள்.

மறுநாள் காலையில் தியேட்டரில் வேறொருவன் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது நர்ஸ் வந்து விஷயத்தைச் சொன்னாள். பிடித்த காலை நடுவில் விட முடியாது. முடித்துவிட்டுத்தான் வந்தாள். பதினாலாம் கட்டிலில் முகத்தை மூடியிருந்தார்கள். செங்கல்லை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை, இறந்தவர் காலில் அது தொங்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து முடிச்சை அவிழ்த்து, கல்லைத் தரையில் வைத்தாள்.

மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். பாத்திரம் மூடியபடி இருந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை.

"காலையில ரொம்பச் சந்தோஷமா இருந்தார் டாக்டர். சவரம் பண்ணிவிடச் சொன்னார். மூச்சு இழுக்க ஆரம்பிச்சதும் ஒரு வாய் தண்ணி குடுக்கப் போனேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டார். டாக்டரம்மா சத்தியம் பண்ணியிருக்காங்க, இன்னைக்கு முதல் ஆள் நான்தான், தண்ணி குடுத்துக் கெடுத்துடாதேன்னார். அதான் டாக்டர், கடைசித் தண்ணிகூட நான் குடுக்கலை."